பழைய குரலுக்குப் புது ட்ரம்ஸ்: மார்ட்டின் பென்னெட்டின் 'கிரிட்' ஆல்பம்

ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசையில் ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்கப் போகிறேன், எதை வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது மார்ட்டின் பென்னெட்டின் 'கிரிட்'. 2003-ல் ரியல் வேர்ல்டு நிறுவனம் வெளியிட்டது. இது சுத்தமான மரபிசை கிடையாது. நடன விடுதிகளில் அதிர்கிற மாதிரி ட்ரம்ஸும் பேஸும் உண்டு. அதற்கு மேலே 1950-களிலும் அதற்குப் பிறகும் நாடாவில் பதிவான பாட்டிகள், தாத்தாக்களின் குரல்கள். "பழைய பாட்டை இப்படிக் கெடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பழைய குரல்களுக்கு மரியாதை செய்தது எது என்று பார்த்தால், நான் கேட்டவரை, நல்லெண்ணத்தோடு பியானோ சேர்த்தவர்களைவிட இந்த ஆல்பம் பல படி மேலே நிற்கிறது.

என் தொழிலைச் சொல்லிவிட்டால் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பது புரியும். வடபழனியில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் குரல் எடிட் செய்கிறேன். பாடகர் பாடிவிட்டுப் போன பிறகு அந்தக் குரல் என் திரைக்கு வரும். சுருதி இறங்கிய இடத்தை ஏற்றுவேன். தாளத்துக்கு முன்னால் விழுந்த சொல்லை இழுத்து, தாளம் காட்டும் கிளிக் சத்தத்தில் உட்கார வைப்பேன். மூச்சுச் சத்தத்தைக் குறைப்பேன். சம்பளம் இதற்குத்தான். அதனால் ஒரு பழைய குரலை எலக்ட்ரானிக் இசைக்குள் கொண்டுவரும்போது எங்கெங்கே கத்தி வைக்கத் தோன்றும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 'கிரிட்' ஆல்பத்தில் அந்த இடங்களில் எல்லாம் பென்னெட் கை வைக்காமல் விட்டிருக்கிறார் என்பதுதான் முதல் தடவை கேட்டபோதே என்னை உலுக்கியது.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் 'மூவ்'. குரல் ஷீலா ஸ்டூவர்ட்டுடையது. ஸ்காட்லாந்தில் 'டிராவலர்ஸ்' என்று அழைக்கப்படும் நாடோடிச் சமூகத்தில், பிளேர்கௌரி ஊரின் புகழ்பெற்ற பாடகர் குடும்பத்தில் பிறந்தவர். 1982-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது அவர் முன்னால் பாடியவர். சாலையோரத்தில் வண்டிக்குள் குழந்தை பெற்ற தாயிடம் போலீஸ் வந்து "இங்கே தங்கக் கூடாது, கிளம்பு" என்று விரட்டுவதுதான் பாட்டின் பொருள். ஷீலா இதைக் கெஞ்சிப் பாடவில்லை. தொண்டையைத் திறந்து, சொல்லுக்குச் சொல் அழுத்தி, வரியின் கடைசி எழுத்தைத் திடீரென்று விட்டுவிடுகிறார். அப்படி விட்ட இடத்தில் ஒரு மூச்சு கேட்கிறது. நானாக இருந்தால் அந்த மூச்சைத்தான் முதலில் நறுக்கியிருப்பேன். பென்னெட் அதை வைத்திருக்கிறார். அது தாளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. 'நகரு, கிளம்பு' என்ற விரட்டல் திரும்பத் திரும்ப வரும்போது கீழே பீட்டு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் விரட்டுகிறவனின் அதட்டலும் விரட்டப்படுகிறவளின் கோபமும் ஒரே அடியில் விழுகின்றன. எந்தக் கித்தாரும் இந்தப் பாட்டுக்கு இதைச் செய்திருக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேட்கிறவர்களில் பாதிப் பேர் இது நூற்றாண்டுப் பழமையான பாட்டு என்றே நினைப்பார்கள். ஆனால் இதை எழுதியவர் ஈவன் மெக்கால் என்ற பாடலாசிரியர். டிராவலர்ஸ் மக்களைப் பற்றி 1964-ல் பிபிசி ஒலிபரப்பிய ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக எழுதியது. ரெக்கார்டிங் கருவியோடு ஊர் ஊராகப் போய் அந்த மக்களின் பேச்சைப் பதிவு செய்து, அதிலிருந்து உருவாக்கிய நிகழ்ச்சி அது. அப்படிப் பிறந்த பாட்டை, அது யாரைப் பற்றியதோ அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஷீலாவே எடுத்துப் பாடி, அதைத் தன் சொத்தாக்கிக்கொண்டார். அப்புறம் பென்னெட் அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். இதில் மரபு எங்கே முடிந்தது, நவீனம் எங்கே ஆரம்பித்தது என்று கோடு போடச் சொன்னால் என்னால் முடியாது.

மரபைப் புதுப்பிக்கிற வேலை மின்சாரம் வருவதற்கு முன்பே அங்கே தொடங்கிவிட்டது. எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் தாம்சன் என்பவர் ஸ்காட்லாந்து மெட்டுகளை வியன்னாவுக்கு அனுப்பி ஹெய்டன், பீத்தோவன் போன்றவர்களிடம் பின்னணி இசை எழுதி வாங்கினார். பீத்தோவனின் 25 ஸ்காட்லாந்துப் பாட்டுகளின் தொகுப்பு 1818-ல் வந்தது. கேட்டுப் பாருங்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பீத்தோவன் இருக்கிறார். வயலில் நின்று பாடிய ஆள் இல்லை. அப்புறம் மார்ஜரி கென்னடி-ஃப்ரேசர். 1905-ல் எரிஸ்கே தீவுக்குப் போய், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் இருந்த பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். 1909 முதல் பியானோ இசையோடு தொகுதிகளாக வெளியிட்டார். வீட்டு வரவேற்பறைகளிலும் கச்சேரி மேடைகளிலும் அவை ரொம்பப் பிரபலம். கேலிக் தெரிந்தவர்கள் பிற்காலத்தில் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். உழைப்பாளிப் பெண்களின் பாட்டை மூடுபனிக்குள் மிதக்கும் சோக கீதமாக மாற்றிவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

எனக்கு அதில் தொழில்முறையாக ஒரு வருத்தம் உண்டு. பியானோவின் சுரங்கள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் வைக்கப்பட்டவை. அந்தப் பாட்டுகளைப் பாடியவர்களின் சுரங்கள் அப்படி இல்லை. காற்றுப்பையை அமுக்கி வாசிக்கும் ஹைலேண்ட் பேக்பைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசிப்புக் குழலில் ஒன்பது சுரங்கள்தான். அந்த ஒன்பதும் தோளில் சாய்ந்திருக்கும் மூன்று ட்ரோன் குழல்களின் இடைவிடாத சுருதியோடு இணையும்படி வைக்கப்பட்டவை. அதில் சில சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்கு இடையே விழும். அந்தக் காதோடு வளர்ந்த ஒருவரின் குரலைப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், குரல் தப்பு என்று பியானோ சொல்லும். சுருதி என்றால் என்னவென்று அறிந்த நம் காதுக்கு எது சரி என்று உடனே தெரியும்.

இந்த இடத்தில்தான் 'பிளாக்பேர்டு' வருகிறது. ஆல்பத்தில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். குரல் லிஸ்ஸி ஹிக்கின்ஸுடையது. அபர்டீன் நகரில் மீன் வெட்டும் வேலை பார்த்தவர். அவர் அம்மா ஜீனி ராபர்ட்சன், நாட்டுப்புறப் பாடகர்களில் பெரிய பெயர். 1953-ல் ஹேமிஷ் ஹெண்டர்சன் என்ற சேகரிப்பாளர் அபர்டீனில் அவரைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். லிஸ்ஸியின் அப்பா பேக்பைப் வாசிப்பவர். மகள் பாட்டை அம்மாவிடமும் கமகத்தை அப்பாவின் குழலிலிருந்தும் எடுத்துக்கொண்டார் என்றே சொல்லலாம். பேக்பைப்பில் காற்று நிற்காது. வாசிப்பின் நடுவே மௌனம் விட வழி இல்லை. ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு சுரத்தைச் சட்டென்று தொட்டு வெட்டித்தான் ஆக வேண்டும். லிஸ்ஸி அந்த வெட்டைத் தொண்டையில் போடுகிறார். நீட்டிப் பாடும் ஒரு சுரத்தின் நடுவே, கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு பொடி அசைவு, அப்புறம் மறுபடியும் அதே சுரம். ஹெட்போனில் கேட்டால் அந்த அசைவின் கூர்மை தெரியும்.

ஒரு தடவை ஸ்டூடியோவுக்கு வாசிக்க வந்த மூத்த வயலின் கலைஞர் ஒருவரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "தம்பி, இந்தம்மா ஆதார சுருதியை விட்டு ஒரு இடத்துலயும் நகரலையே. இதை எடுத்து நீங்க 'கரெக்ட்' பண்ணிடாதீங்க" என்றார். "நான் தொடமாட்டேன் அண்ணே, செஞ்சவரும் தொடலை" என்றேன். மறுபடியும் போடச் சொன்னார்.

தொடாமல் வேறு என்ன செய்திருக்கிறார் பென்னெட்? என் காதுக்குக் கேட்கிறபடி சொல்கிறேன். குரலை அதன் வேகத்தில் போகவிட்டு, கீழே ஒரு ட்ரோனை விரித்திருக்கிறார். லிஸ்ஸி வரியை முடித்து அடுத்ததை எடுக்கும்வரை இசை காத்திருக்கிறது. பீட்டு வந்த பிறகும் அவர் சொற்கள் பீட்டின் தலையில் விழுவதில்லை. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். அந்த இழுபறியில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. எல்லாவற்றையும் கிளிக்கில் உட்கார வைத்திருந்தால் கேட்க வழவழப்பாக இருந்திருக்கும். லிஸ்ஸி இருந்திருக்கமாட்டார்.

இதைச் செய்ய வெறும் கம்ப்யூட்டர் அறிவு போதாது, அந்தக் குரல்களோடு வளர்ந்திருக்க வேண்டும். பென்னெட் 1971-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்து சிறு வயதில் ஸ்காட்லாந்துக்கு வந்தவர். அம்மா மார்கரெட் பென்னெட் பாடகி, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 'ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ்' துறையில் பணியாற்றியவர். 1951-ல் தொடங்கிய அந்தத் துறைதான் ஹெண்டர்சன், காலம் மெக்லீன் போன்றவர்களை டேப் ரெக்கார்டரோடு ஊர்களுக்கு அனுப்பியது. கோடையில் ராஸ்பெரி பறிக்க டிராவலர்ஸ் குடும்பங்கள் பிளேர்கௌரியில் கூடாரம் போடும்போது ஹெண்டர்சனும் அங்கே போவார். நயாகரா அருவிக்கு அடியில் தகர டப்பாவைப் பிடித்தது போல் இருந்தது என்று அந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் சொன்னார். அவ்வளவு பாட்டு. அப்படிச் சேர்ந்த நாடாக்கள் பென்னெட்டுக்கு ஆவணம் மாதிரி தோன்றியிருக்காது. அவற்றில் பாடியவர்கள் அவர் அம்மாவின் உலகத்து மனிதர்கள். பேக்பைப், ஃபிடில் இரண்டும் வாசிப்பார். கிளாஸ்கோவில் மேற்கத்திய சாஸ்திரிய இசையும் முறையாகப் படித்தார். இரவில் நடன விடுதிகளின் இசை. மூன்றும் அவருக்குள் ஒன்றாக ஓடியிருக்கின்றன.

அப்புறம் நோய். 2000-ல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை மேல் சிகிச்சை. வாசிக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் தன் வாத்தியங்களையே உடைத்துப் போட்டார். அதற்குப் பிறகு செய்ததுதான் 'கிரிட்'. தன் கையால் வாசிக்க முடியாத காலத்தில், அடுத்தவர் குரலைக் கையில் எடுத்துக்கொண்டார். 2005 ஜனவரி 30 அன்று இறந்தபோது வயது 33. இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஆல்பத்தில் தாளம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக அடிக்கிறது என்பதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உச்சம் என்றால் 'லிபரேஷன்'. லூயிஸ் தீவின் தேவாலயங்களில் பைபிளின் சங்கீதப் பாடல்களைக் கேலிக் மொழியில் பாடும் முறை ஒன்று உண்டு. வாத்தியம் கிடையாது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார். சபை அதை வாங்கி, ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய அலங்காரத்தோடு, தனக்கு வசதியான வேகத்தில் பாடுவார்கள். எல்லாரும் ஒரே மெட்டில்தான் போகிறார்கள், ஆனால் யாரும் யாரோடும் ஒட்டிப் போவதில்லை. பென்னெட் எடுத்தது முர்டினா மெக்டொனால்டு, எஃபி மெக்டொனால்டு என்ற இரண்டு பெண்கள் பாடிய பதிவை. அதன் மேல் 118-ஆம் சங்கீதத்தை டண்டீ நகரப் பாடகர் மைக்கேல் மாரா கரகரத்த குரலில் ஆங்கிலத்தில் சொல்கிறார். கீழேயிருந்து இசை எழும்பி எழும்பி ஒரு கட்டத்தில் வெடிக்கிறது. வாத்தியமே கூடாது என்று இருக்கும் வழிபாட்டுப் பாட்டுக்கு ட்ரம்ஸ் போடுவது சாதாரண துணிச்சல் இல்லை. அந்தத் தேவாலயத்து ஆட்கள் சிலருக்கு மனம் நொந்தால் அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு குரல்களின் தாங்கும் சக்தி இந்த இரைச்சலுக்கு நடுவே எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ட்ரம்ஸ் எவ்வளவு மோதினாலும் அவர்கள் தங்கள் வேகத்தில், தங்கள் சுருதியில் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. ட்ரம்ஸின் ஒலி 1990-களின் கடைசியில் உறைந்துபோயிருக்கிறது. அன்றைக்கு அதிர்ச்சி தந்த பீட்டு சில இடங்களில் இன்று பழைய விளம்பர இசை மாதிரி கேட்கிறது. அதே பாட்டில் நாடாவில் பதிவான குரல் இன்னும் புதிதாக இருக்கிறது. 'ஸ்டோரிடெல்லர்' பாட்டில் டேவி ஸ்டூவர்ட் என்ற டிராவலர் கதை சொல்கிறார். கதை சொல்கிறவர் எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் சுவை. அங்கே இசை கொஞ்சம் அடங்கியிருக்கலாம். எடித் பியாஃபின் பிரபலமான பாட்டை ஒரு ஸ்காட்லாந்துக் குரலில் எடுத்துப் போட்டிருக்கும் 'நே ரிக்ரெட்ஸ்' எனக்கு ஒட்டவே இல்லை. அதை விரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது அவரவர் ரசனை.

2015 ஜனவரியில் கிளாஸ்கோவின் 'செல்டிக் கனெக்‌ஷன்ஸ்' விழாவை இந்த ஆல்பத்தின் முழு ஆர்கெஸ்ட்ரா வடிவத்தோடு தொடங்கினார்கள். வயலின் கலைஞர் கிரெக் லாசன் ஒவ்வொரு ஒலியையும் பிரித்து, சாஸ்திரியம், ஜாஸ், நாட்டுப்புறம் என்று மூன்று பக்கத்துக் கலைஞர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்து வாசிக்கும்படி எழுதினார். இணையத்தில் கிடைக்கும் பகுதிகளைப் பார்த்தால் மேடை முழுக்க ஒரு வெறி. அதைப் பாராட்டுகிறேன். பென்னெட் உடம்பு சரியில்லாமல் தனியாக உட்கார்ந்து செய்த ஒன்றை அத்தனை பேர் சேர்ந்து கைகளால் வாசிக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். ஆனால் பழைய குரல்களின் இடத்தில் இன்றைய பாடகர்கள் நின்று பாடும்போது எனக்கு ஏதோ குறைகிறது. அவர்கள் அருமையாகப் பாடுகிறார்கள். அந்த மூச்சும், லிஸ்ஸியின் அந்த வெட்டும் வேறு ஆட்களுடையவை.

ஆல்பத்தோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய ஒன்று 'டோபர் அன் துவல்கிஷ்' என்ற இணையதளம். இலவசம். 2010-ல் தொடங்கியது. ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸின் நாடாக்கள், பிபிசியின் பதிவுகள், கன்னா தீவில் சேர்ந்த தொகுப்பு எல்லாம் 1930-களிலிருந்து அங்கே கேட்கக் கிடைக்கின்றன. பாடியவர் பெயர், ஊர், பாட்டின் வகை என்று தேடலாம். கேலிக் தெரியாவிட்டாலும் ஆங்கிலத்தில் சுருக்கம் இருக்கிறது. லிஸ்ஸி ஹிக்கின்ஸ் என்று தேடிப் பாருங்கள். பக்கவாத்தியம் ஏதும் இல்லாமல், சமையலறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடும் பதிவுகள். சிலரது பதிவுகளில் பாட்டுக்கு முன்னால் சேகரிப்பாளர் கேள்வி கேட்பார், "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்று, பாட்டியிடம், அத்தையிடம், பெர்ரி பறிக்கும் இடத்தில் சந்தித்த யாரிடமோ என்று பதில் வரும். தேடல் வசதி கொஞ்சம் கரடுமுரடு. ஒரே பாட்டு மூன்று பெயரில் இருக்கும். பொறுமை வேண்டும்.

பென்னெட்டுக்கு முன்னாலும் பின்னாலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. துணியை மேசையில் அடித்து இறுக்கும்போது பெண்கள் பாடும் ஒரு வேலைப் பாட்டை கேப்பர்கெய்லி குழு எடுத்து, 1992-ல் பிரிட்டனின் முதல் 40 பாட்டுகள் வரிசைக்குள் கொண்டுபோனது. கேலிக் மொழிக்கு அதுதான் முதல் தடவை. இப்போது பிரீடே கேம்பலைக் கேட்கிறேன். சிறிய பேக்பைப்பை வைத்து, ட்ரோனையே முன்னால் கொண்டுவந்து வாசிக்கிறார். ட்ரம்ஸே தேவைப்படாத புதுமை அது. 'கிரிட்' பிடித்தவர்கள் அடுத்து போக வேண்டிய இடம் என்று தயங்காமல் சொல்வேன்.

வாங்குவதாக இருந்தால் 2014-ல் வந்த மறுபதிப்பை வாங்குங்கள். பென்னெட் படித்த எடின்பரோ இசைப் பள்ளியின் மாணவர்கள் வாசித்த 'மெக்கேஸ் மெமாயர்ஸ்' அதில் சேர்ந்திருக்கிறது. பேக்பைப்பும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த அவருடைய சொந்தப் படைப்பு. செல்போன் ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்காதீர்கள், ட்ரோன் முழுக்கக் காணாமல் போய்விடும். வீட்டில் யாருக்காவது எலக்ட்ரானிக் இசை என்றாலே தலைவலி என்றால், முதலில் டோபர் தளத்தில் லிஸ்ஸியைத் தனியாகக் கேட்க வையுங்கள். அப்புறம் 'பிளாக்பேர்டு', அடுத்து 'மூவ்'. 'லிபரேஷன்' கடைசியில், சத்தமாக.